புத்ராஜெயா, பாங்கி, கேரித்தீவு: செயலாய்வுப் பட்டதாரியின் முன் மூன்று வழிகள்

பல்கலைக்கழகத்தில் செயலாய்வு, அதாவது ‘ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்’, படித்து முடித்த, மலேசியாவின் பந்திங் வட்டாரத்துப் பட்டதாரி ஒருவர், வீட்டை விட்டுக் குடிபெயராமலே முயன்று பார்க்கக்கூடிய வேலைகள் மூன்று வகைப்படும். கிழக்கே புத்ராஜெயாவில் அமைச்சுகளும் புள்ளிவிவரத் துறையின் தலைமையகமும் இருக்கின்றன. அதற்குச் சற்று அப்பால், பாங்கியில், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தைப் போன்று சட்டத்தால் அமைக்கப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. மேற்கே லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித்தீவு. முன்பு சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரிலும் 2024 முதல் எஸ்.டி. கத்ரி என்ற பெயரிலும் இயங்கிவரும் நிறுவனத்தின் தோட்டங்களும் ஆராய்ச்சி மையமும் அங்கே உள்ளன. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவதே நம் வீடுகளில் வழக்கம். அந்த அளவுகோல் பழையதாகிவிட்டது என்பது என் கருத்து.

முதலில் வேலை எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பெற்றோர் பலர் இதைக் கணினி வேலை என்றோ கணக்காளர் வேலை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். அளவோடு இருக்கும் ஆள், வண்டி, பணம், நேரம் ஆகியவற்றை எப்படிப் பங்கிட்டால் காரியம் சிறப்பாக நடக்கும் என்பதைக் கணித மாதிரியின் துணையோடு காட்டுபவரே செயலாய்வாளர். செம்பனை ஆலையின் எடைமேடைக்கு முன் பழக்குலை ஏற்றிய லோரிகள் வரிசைகட்டி நிற்பதை எடுத்துக்கொள்வோம். வண்டிகள் முன்பின்னாக வந்துசேரும் எளிய ஒற்றை வரிசை மாதிரியில், எடைமேடை தன் திறனில் 80 விழுக்காட்டுக்கு வேலை செய்யும்போது சராசரியாக 4 வண்டிகள் அங்கே நிற்கும். 90 விழுக்காட்டில் 9 வண்டிகள். 95 விழுக்காட்டில் 19 வண்டிகள். வேலைப்பளு ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, வரிசையோ ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடுகிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும் என்பதால், அந்த வரிசைக்கு ரிங்கிட்டில் விலை உண்டு. இதே சூத்திரம் அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்புக்கும் பொருந்தும். அங்கே அந்த விலையைக் கொடுப்பவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளி.

இத்துறை பிறந்தது அரசாங்கத்துக்குள்தான். 1930களின் பிற்பகுதியில் பிரிட்டனில் ரேடார் கருவியைப் படையினர் எப்படிப் பயன்படுத்துவது என்ற ஆய்வாகத் தொடங்கி, போர்க்காலத்தில் அது தனித்துறையாக வளர்ந்தது. 1941-இல் கடலோர விமானப் படைப்பிரிவுக்கு வந்த இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு, நீர்மூழ்கிக் கப்பல்களின் மீது போடப்படும் குண்டு வெடிக்க வேண்டிய ஆழத்தைக் குறைக்கச் சொன்னது. புதிய குண்டோ புதிய விமானமோ இல்லாமலே தாக்குதலின் பலன் கூடியது. பிளாக்கெட் அதே ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பில், ஆய்வாளர் ஆய்வகத்தில் தங்கிவிடாமல், போர் நடவடிக்கையை நடத்தும் தலைமையகத்திலேயே, தரவும் தளபதியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்த ஒப்பீட்டுக்கான முதல் அளவுகோலை அவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறேன்: உங்கள் கணக்குக்கும் அதைக் கேட்டு முடிவெடுப்பவருக்கும் நடுவே எத்தனை மேசைகள் இருக்கின்றன? கணக்குக்கு வேண்டிய தரவை நீங்களே போய் எடுக்க முடியுமா, அல்லது கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்பது இரண்டாவது அளவுகோல். சம்பளத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பிரிட்டிஷ் அரசாங்கத்தில் செயலாய்வாளர்களுக்கென்றே ஒரு தனிப் பணிப்பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரிலேயே ஆள் எடுக்கிறார்கள், அந்தப் பெயரிலேயே பதவி உயர்கிறார்கள். மலேசியப் பொதுச் சேவையில் அப்படி ஒரு பணித்திட்டம் கிடையாது. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ படித்து வந்தவர், பொதுச் சேவை ஆணையத்துக்கு விண்ணப்பிக்கும்போது புள்ளிவிவர அதிகாரி, ஆராய்ச்சி அதிகாரி, தகவல் தொழில்நுட்ப அதிகாரி, பி.டி.டி. என்று அழைக்கப்படும் நிர்வாக அரசதந்திர அதிகாரி ஆகியவற்றுள் ஏதாவதொரு கதவின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே வகுப்பில் படித்த இருவர் வெவ்வேறு கதவுகளின் வழியே நுழைந்தால், பத்தாண்டுக்குப் பிறகு அவர்கள் செய்யும் வேலையில் பொதுவானது எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

ஆகவே ‘அரசாங்க வேலை’ என்று ஒரே பெயரில் பேசுவது பயனற்றது. பி.டி.டி. வழியே போனவர் அமைச்சு, மாவட்ட அலுவலகம், பயிற்சி நிலையம் என்று மாறி மாறிப் பணிபுரிவார்; படித்த கணிதம் துருப்பிடிக்கும்; ஆனால் பிற்காலத்தில் ஆய்வறிக்கைகளைப் படித்து முடிவெடுக்கும் நாற்காலி அவருக்கே கிடைக்கக்கூடும், அதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பத்தின் வழியே போனவர் பெரும்பாலும் கணினி முறைமைகளைப் பராமரிப்பதிலும் குத்தகை ஆவணங்களிலும் மூழ்கிவிடுவார். ஆணையத்தின் வழியே கிடைக்கும் கதவுகளில் செயலாய்வுக்கு மிக அருகில் இருப்பது புள்ளிவிவர அதிகாரி பதவியே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொழிலாளர் ஆய்வு, விலைக் குறியீடு ஆகியவற்றின் மூலத் தரவு அந்தத் துறையின் கையில் இருக்கிறது. அங்கே தரவுக்குப் பஞ்சமில்லை. முடிவுதான் வேறு அமைச்சில் எடுக்கப்படுகிறது.

இருந்தும், அரசாங்கத்துக்குள் மட்டுமே கிடைக்கும் ஒன்று உண்டு: கேள்வியின் அகலம். நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் பின்னர் வீடமைப்புக்கும் மாறிய காலத்தில், மக்கள் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டார்கள். தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. மாணவர் தொகை 150-க்கும் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு நீண்டகாலமாக வகைப்படுத்தி வந்திருக்கிறது. அந்த வகையில் நம் பள்ளிகள் ஏராளம். அப்படிப்பட்ட சில பள்ளிகளை இடம் மாற்றுவதென்றால், எங்கே மாற்றுவது? செயலாய்வில் இதற்கு இரண்டு நன்கறிந்த மாதிரிகள் உண்டு. இரண்டும் 1964-இல் ஹக்கிமி என்பவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தவை. ஒன்று, எல்லா மாணவர்களும் பயணம் செய்யும் மொத்தத் தூரத்தைக் குறைக்கும் இடத்தைத் தேடும். மற்றொன்று, மிகத் தொலைவில் இருக்கும் மாணவரின் தூரத்தைக் குறைக்கும் இடத்தைத் தேடும். முதல் மாதிரி, மக்கள் நெருங்கி வாழும் தாமானின் பக்கம் பள்ளியை இழுக்கும். இரண்டாவது, இன்னும் லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், தங்கியிருக்கும் நாலைந்து குடும்பங்களின் பிள்ளைகளைக் கைவிடாத இடத்தைக் காட்டும். எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. இரண்டு இடங்களையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றாலும் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்று எழுதி மேசையில் வைப்பதே ஆய்வாளரின் கடமை. இத்தகைய கேள்வி எந்த நிறுவனத்திலும் எழாது.

ஆனால் அதே எடுத்துக்காட்டு அரசாங்க வழியின் சிரமத்தையும் காட்டிவிடுகிறது. பள்ளியின் உரிமம் மத்திய கல்வி அமைச்சைச் சேர்ந்தது. நிலம் அரசியலமைப்பின்படி மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. பள்ளி நிர்வாக வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் தனித்தனிக் கருத்து உண்டு. பள்ளியைச் சுற்றியுள்ள தோட்டத்தின் முதலாளிக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் முடிந்த மாதிரி, முடிவாக உருவெடுக்க ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நீங்கள் வேறு துறைக்கு மாற்றலாகியிருக்கலாம். அறிக்கை ரகசியம் என முத்திரையிடப்பட்டால், 1972ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் அதைப் பற்றி நீங்கள் வெளியே பேசவும் முடியாது. துறைகளுக்கிடையே தரவு பகிர்வதற்கென்று 2025-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பது நல்ல செய்தியே. அது கூட்டரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது என்பதால், மாநிலத்தின் நில அலுவலகத் தரவுக்கு இன்னமும் கடிதந்தான் எழுத வேண்டியிருக்கும்.

தோட்ட நிறுவனம் இதற்கு நேரெதிர். குலை வெட்டும் சுற்று 10 முதல் 14 நாள் வரை. மரங்களை ஏறக்குறைய 25 ஆண்டில் அழித்து மறுநடவு செய்கிறார்கள். குலையை ஆலைக்குச் சேர்க்க ஒரே ஒரு நாள். இப்படி நேரம் எல்லாப் பக்கமும் நெருக்கும் தொழிலில் செயலாய்வுக்கு எப்போதும் வேலை இருக்கும். எந்தப் பிளாக்கை எந்த நாளில் வெட்டுவது, எத்தனை டிராக்டர், எந்த ஆலைக்கு எந்தத் தோட்டத்துக் குலை, எந்த ஆண்டில் எத்தனை ஹெக்டர் மறுநடவு என்று எல்லாமே மாதிரிக்குள் அடங்கும் கேள்விகள். வண்டி அட்டவணையைத் திங்கட்கிழமை மாற்றினால், வெள்ளிக்கிழமைக்குள் எடைமேடைப் பதிவே பதில் சொல்லிவிடும். மேற்பார்வையாளரான மண்டோரையும் எழுத்தரான கிராணியையும் போய்ப் பார்த்து, பதிவேட்டில் ஏறாத காரணத்தைக் கேட்டு அறியலாம். மழை பெய்தால் எந்தப் பாதையில் வண்டி புதையும் என்பது எந்தத் தரவுத்தளத்திலும் இருப்பதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது பெரிய அனுகூலம், இன்று வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள் என்றாலும்கூட. தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டத்தின் அலுவலகத்தில் பேத்தி ஒரு மேசையைப் பெறுவதில் குடும்பத்துக்கு இருக்கும் பெருமிதம் எந்த ஒப்பீட்டிலும் ஏறாது. அதையும் ஒதுக்கிவிட நான் சொல்ல மாட்டேன்.

குறை, கேள்வியின் குறுகலில் இருக்கிறது. நோக்கம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருக்கும்: ஒரு டன்னுக்கு ஆகும் செலவைக் குறை, குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் வீதத்தைக் கூட்டு. யாருக்காகக் குறைக்கிறோம் என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை. வெட்டுபவர் நடக்கும் தூரம் மாதிரியில் செலவாகத்தான் நுழையும். சில ஆண்டுகளில் பெரிய சேமிப்புகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வேலை சலிப்பூட்டத் தொடங்கலாம். எண்ணெய் விலை சரியும் காலத்தில் இத்தகைய திட்டப் பிரிவுகளுக்கு ஆள் எடுப்பது முதலில் நிற்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது சட்டத்தால் அமைந்த அமைப்பு. ஆய்வு செய்துவந்த போரிம், உரிமம் வழங்கிவந்த போர்லா ஆகிய இரண்டையும் இணைத்து 2000ஆம் ஆண்டு மே 1 அன்று செம்பனை எண்ணெய் வாரியம் அமைக்கப்பட்டது. அந்த இணைப்பின் பயன் செயலாய்வாளருக்குத்தான் நன்றாக விளங்கும்: உரிமம் பெற்ற ஆலைகள் தங்கள் உற்பத்தியையும் கையிருப்பையும் வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும், அதன் அடிப்படையில் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 10ஆம் தேதி வாரியம் வெளியிடும் எண்களைப் பார்த்து எண்ணெய்ச் சந்தை அசைகிறது. ஆய்வு செய்பவரும் தரவைத் திரட்டுபவரும் ஒரே நிறுவனத்தில் இருப்பது அரசாங்கத்தில் அரிது. இத்தகைய அமைப்புகள் தங்கள் அதிகாரிகளைத் தாங்களே நேர்முகத் தேர்வு நடத்தி எடுத்துக்கொள்கின்றன. ஆய்வுக் கட்டுரை உங்கள் பெயரில் வெளிவரும். முடிவெடுப்பவர் அதே வளாகத்தில் இருப்பார். காலியிடங்கள் சொற்பம், முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் மேலே போவது கடினம், ஒரே விளைபொருளோடு வாழ்க்கை கட்டப்பட்டுவிடும் என்பவை அதன் குறைகள்.

மூன்று மேசைகளின் வேறுபாட்டை ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசலின் பொது உதவித்தொகை நிறுத்தப்பட்டு, லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை 3.35 ரிங்கிட்டாக ஏறியது. அமைச்சின் மேசையில் இருப்பவருக்கு அன்றைய கேள்வி, அதற்கு ஈடாகத் தரப்படும் மாதம் 200 ரிங்கிட் உதவி யாருக்குப் போக வேண்டும் என்பது: தகுதியை இறுக்கினால் உண்மையான சிறுதோட்டக்காரர் விடுபடுவார், தளர்த்தினால் தேவையற்றவர் நுழைவார், இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க முடியாது. வாரியத்தின் மேசையில் எழக்கூடிய கேள்வி, ஒரு டன் குலையின் போக்குவரத்துச் செலவு எவ்வளவு கூடும், ஆலைக்குத் தொலைவில் இருக்கும் சிறுதோட்டம் அதைத் தாங்குமா என்பது. நிறுவனத்தின் மேசையில் இருப்பவர் மறுநாள் காலைக்குள் வண்டிப் பாதைகளைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருந்திருக்கும். முதல் கேள்வியில் உங்களுக்கு மனம் ஒட்டுகிறதா, மூன்றாவதிலா என்று உங்களையே கேட்டுப் பார்ப்பது, சம்பளப் பட்டியலைப் படிப்பதைவிடத் தெளிவான விடையைத் தரும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறையில், நிபுணத்துவ நிர்வாகப் பிரிவினருக்கு முதற்கட்டமாக 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் உயர்வு வகுக்கப்பட்டது. பட்டதாரிகளின் தொடக்க நிலையாக இருந்த 41ஆம் கிரேடு இப்போது 9ஆம் கிரேடு. தொடக்கச் சம்பளத்தில் அரசாங்கம் பின்தங்கியிருக்கிறது என்ற பழைய குறை இதனால் ஓரளவு தீர்ந்திருக்கிறது. ஓய்வூதியத்தில்தான் நம்மவர்களின் நினைப்பு மாற வேண்டும்: 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அரசாங்க ஓய்வூதியம் இருக்காது, அவர்கள் சேமநிதியின் கீழ் வருவார்கள் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அப்பா வாங்கும் பென்ஷனை வைத்து மகளுக்கு ஆலோசனை சொல்வது இனிப் பொருந்தாது. நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதே கணக்கு. தனியார் நிறுவனத்தில் முதலாளியின் சேமநிதிப் பங்கு, 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. ஓய்வுக்கால வேறுபாடு இவ்வளவு சுருங்கிவிட்ட பிறகு, அரசாங்கப் பக்கம் தராசைச் சாய்க்கக்கூடியதாக மிஞ்சுவது வீட்டுக் கடன். நிரந்தர அரசாங்க ஊழியருக்கு வீடமைப்பு நிதியளிப்பு வாரியம் தரும் கடன், வேலை ஓய்வோடு தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெற்றோரைக் கொண்ட குடும்பத்துக்கு மற்ற எல்லாப் படிகளையும்விடப் பெரியது.

மாற்றலை மறந்துவிடக் கூடாது. பந்திங்கிலிருந்து புத்ராஜெயா அன்றாடம் போய்வரும் தூரந்தான். ஆனால் கூட்டரசுப் பணியில் சேர்பவரைச் சபாவுக்கோ சரவாக்குக்கோ அனுப்பலாம், அதற்குச் சம்மதித்துத்தான் கையொப்பமிடுகிறோம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழிக்குக் கிரெடிட் என்பது நுழைவுத் தகுதி மட்டுமே; உள்ளே போன பிறகு, ஒரு சமன்பாட்டை இரண்டு பக்க மலாய்க் குறிப்பாக எழுதி, கணிதம் படிக்காத உயரதிகாரியை ஏற்கச் செய்யும் திறன்தான் ஆய்வாளரை உயர்த்தும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் படித்துவந்த திறமைசாலிகள் சிலர் இந்த இடத்தில் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் பட்டதாரிக்குச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சிப் பதவியையே முதலில் வைப்பேன். தரவும் முடிவும் அருகருகே இருக்கும் இடம் அது, முதுகலைப் பட்டத்துக்கும் அங்கிருந்தே வழி பிறக்கும். அது கிடைக்காத நிலையில் புள்ளிவிவர அதிகாரிப் பதவிக்கும் தோட்ட நிறுவனத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டுமானால், பலர் சொல்வதற்கு மாறாக, முதல் மூன்று நான்கு ஆண்டுகளை நிறுவனத்தில் கழிக்கச் சொல்வேன். தன் மாதிரி பொய்த்துப்போவதைச் சில நாளிலேயே கண்ணால் பார்த்துத் திருத்திய அனுபவம், பிற்காலத்தில் அமைச்சில் அமர்ந்து பள்ளிக்கு இடம் குறிக்கும்போது கைகொடுக்கும், அங்கே பிழையைக் காட்டிக்கொடுக்க எந்த எடைமேடையும் இருக்காது. ஆணையத்துக்கு விண்ணப்பிக்க அதற்குப் பிறகும் நேரமிருக்கிறது, தொடக்கக் கிரேடிலிருந்து ஏறிவர மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான். வீடில்லாத குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் நிரந்தர அரசாங்கப் பதவி எந்தக் கதவில் வந்தாலும் எடுத்துக்கொள்வதே சரி. பி.டி.டி. பதவியை, நிர்வாகியாக விரும்புகிறவர் மட்டும் எடுக்கட்டும்.

அமைச்சில் ஒப்பந்தப் பதவி ஒன்று வந்து நின்றால் கணக்கு மாறுகிறது. நிரந்தர ஊழியருக்குள்ள வீட்டுக் கடன் அதில் இல்லை, நிறுவனத்தின் வேகமும் இல்லை. நேர்முகத் தேர்வில், யாருடைய மேசைக்கு அறிக்கை போகும், எந்தத் தரவைப் பார்க்க அனுமதி உண்டு என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் மட்டுமே அதை ஏற்கலாம். மழுப்பலான பதில் வந்தால், கேரித்தீவுப் பக்கம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மேல்.